வழிகாட்டியா, குதிரையா, மண்வெட்டியா?

பதினைந்து வயதுப் பையன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மாதம் ஆகிறது. மதிப்பெண் சரிந்துவிட்டது, நண்பர்கள் வருவதில்லை, இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் தூக்கம். கவுன்சிலிங்குக்கு அழைத்துப் போனால் ஒரு மணி நேரமும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறான். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. இந்த நிலையில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அக்கம்பக்கத்தார் சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் மூன்று. வாரம் ஒருமுறை வந்து பழகும் ஒரு பெரியவரை ஏற்பாடு செய்வது. குதிரை, நாய், ஆடு என்று விலங்குகளோடு பழகவிடும் திட்டம் ஒன்றில் சேர்ப்பது. தோட்டம், பண்ணை, காடு என்று வெளியில் உடம்பு வளைத்துச் செய்யும் வேலைக்கு அனுப்புவது.

மூன்றுமே கேட்க நன்றாக இருக்கின்றன. அதனால்தான் பலர் எது கிட்டத்தில் இருக்கிறதோ, எதன் விளம்பரப் படம் அழகாக இருக்கிறதோ அதில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. வேலை செய்யும் விதம் வேறு, ஆதாரத்தின் பலம் வேறு, தவறிப்போனால் உண்டாகும் சேதமும் வேறு. அந்தக் கடைசி விஷயத்தை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது, பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்பது, சாப்பாட்டை நிறுத்தி இளைத்துக்கொண்டே போவது: இதில் எது தென்பட்டாலும் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள், இன்றைக்கே. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் பயந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கேளுங்கள். நாயும் தோட்டமும் சிகிச்சைக்குப் பக்கத்தில் நிற்கலாம். அதன் நாற்காலியில் உட்கார முடியாது.

அந்த அளவுக்குப் போகாத, ஆனால் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போகிற பிள்ளைகளைப் பற்றித்தான் இனிப் பேசப்போகிறேன். வாழ்நாளில் வரும் மனநலப் பிரச்சினைகளில் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன என்பது 2005இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு. 24 வயதுக்குள் முக்கால் பங்கு. ஆகவே "வயசுக்கோளாறு, தானாச் சரியாகிடும்" என்று விட்டுவிடுவதற்கும் எல்லை உண்டு.

வந்துகொண்டே இருக்கும் ஒருவர்

மூன்றில் அதிகம் ஆராயப்பட்டது மென்டரிங் எனப்படும் வழிகாட்டி முறைதான். 1904இல் நியூயார்க் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கோல்ட்டர், அதே பையன்கள் திரும்பத் திரும்பக் கூண்டில் வந்து நிற்பதைப் பார்த்துச் சலித்துப்போய், ஆளுக்கொரு பெரியவர் நண்பராக வரட்டும் என்று கேட்டு ஆள் திரட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பு. 1995இல் அந்தத் திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே வழிகாட்டி. மறுபாதி காத்திருப்புப் பட்டியலில். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, வழிகாட்டி கிடைத்த பக்கத்தில் போதைப்பொருள் பழக்கம் தொடங்குவது 46 சதவீதம் குறைவு, மது 27 சதவீதம் குறைவு, பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்கள் ஏறத்தாழ பாதி.

அந்தப் பெரியவர்கள் யாரும் போதையைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. பந்து விளையாடினார்கள், நடந்தார்கள், படம் பார்த்தார்கள், வண்டி ரிப்பேர் செய்தார்கள். மாதம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சில மணி நேரம். அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு மந்திரம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 2019இல் 70 ஆய்வுகளை, 25,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்ததில் கிடைத்த விளைவின் அளவு 0.21. இந்த எண்ணை வீட்டு மொழியில் சொன்னால், வழிகாட்டி உள்ள 100 பேரில் சுமார் 58 பேர், இல்லாதவர்களின் சராசரிக்கு மேலே நிற்பார்கள். எந்தப் பயனுமே இல்லாவிட்டால் அது 50ஆக இருந்திருக்கும். சின்ன ஏற்றம்தான். ஆனால் நிலையாக, பல இடங்களில், பல காலங்களில் தென்படுகிற ஏற்றம்.

இந்தச் சராசரிக்குள் ஒளிந்திருப்பதுதான் முடிவெடுப்பவருக்கு முக்கியம். 1995 ஆய்வின் தரவுகளை ஜீன் கிராஸ்மேன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002இல் திரும்பவும் எடுத்து, உறவு எத்தனை மாதம் நீடித்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வருடமும் அதற்கு மேலும் நீடித்த ஜோடிகளில்தான் நல்ல பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன ஜோடிகளில், பிள்ளையின் தன்மதிப்பு இருந்ததைவிடக் கீழே போயிருந்தது. யோசித்துப் பார்த்தால் புரிகிறது. ஏற்கெனவே இரண்டு பெரியவர்கள் விட்டுப்போன ஒரு பிள்ளையிடம் மூன்றாவதாக ஒருவர் வந்து, சிரித்துப் பழகி, பின் காணாமல் போகிறார். "நம்மகிட்டதான் ஏதோ கோளாறு" என்று அது முடிவு கட்டாமல் என்ன செய்யும்?

எனக்கு இது ஏட்டறிவு மட்டுமல்ல. பள்ளிப் பையன் ஒருவனோடு வாராவாரம் பழகும் பொறுப்பை ஒருமுறை ஏற்றுக்கொண்டேன். ஏழாவது வாரம் வேலைப்பளு. "அடுத்த வாரம் பாப்போம்" என்று ஒரு குறுஞ்செய்தி. அதற்கு அடுத்த வாரம் போனபோது அவன் வந்திருந்தான், ஆனால் இயர்ஃபோனைக் கழற்றவில்லை. ஒரு மணி நேரம். அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் நாங்கள் தாண்டியிருந்த தூரத்தைத் திரும்பத் தாண்ட இரண்டு மாதம் ஆனது. அவன் ஒரு நாள், சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "நீங்க வரலன்னா யாராவது சம்பளத்தப் புடிப்பாங்களா?" சம்பளமே இல்லை என்றேன். எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டு, "அப்புறம் ஏன் வர்றீங்க?" என்றான். அதற்குப் பிறகுதான் பேசவே ஆரம்பித்தான்.

வழிகாட்டி முறையின் நிழலையும் சொல்லிவிட வேண்டும். 1939இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சோமர்வில் திட்டத்தில், நூற்றுக்கணக்கான சிறுவர்களின் வீட்டுக்கு ஆலோசகர்கள் மாதம் இரண்டு முறை போய்வந்தார்கள், சராசரியாக ஐந்து வருடம். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தார். மூன்றில் இரண்டு பங்குப் பேர் "அது எனக்கு உதவியது" என்றார்கள். பதிவேடுகள் வேறு சொல்லின. இறந்துபோனவர்களை எடுத்துக்கொண்டால், திட்டத்தில் இருந்தவர்கள், இல்லாதவர்களைவிடச் சராசரியாகச் சிறு வயதில் இறந்திருந்தார்கள். குடி, மனநோய், திரும்பக் குற்றம் செய்வது எல்லாம் அவர்களிடம் கூடுதல். 1978இல் இது வெளிவந்தபோது பலருக்கு அதிர்ச்சி. பின்னால் ஆராய்ந்தபோது ஒரு துப்பு கிடைத்தது: கோடை முகாம்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை கூட்டாக அனுப்பப்பட்ட பையன்களிடம்தான் பெரும்பாலான சேதம். தடுமாறும் பையன்களை ஒரே இடத்தில் குவித்தால், பெரியவர் சொல்வதைவிடப் பக்கத்துக் கட்டில்காரன் சொல்வதுதான் காதில் ஏறும். இந்தத் துப்பை மறக்காதீர்கள். வெளிவேலைக்கு வரும்போது திரும்ப வேண்டியிருக்கும்.

இன்னொன்று, சங்கடமான விஷயம். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கும் ஏற்பாடு என்பதால், தவறான ஆள் நுழைந்துவிட்டால் இதைவிட ஆபத்தான அமைப்பு இல்லை. பின்னணி விசாரிப்பு, பிறர் கண்ணில் படும் இடத்தில் சந்திப்பு, மாதம் ஒருமுறை பிள்ளையிடம் தனியாகப் பேசும் ஒரு பொறுப்பாளர்: இவை மூன்றும் இல்லாத திட்டம் என்றால் அமைப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம்.

பேசாத உயிர்

விலங்குகளுக்கு வருவோம். இங்கே கதை அழகு, ஆதாரம் மெலிவு.

கதை இது. போரிஸ் லெவின்சன் என்ற நியூயார்க் உளவியலாளரிடம் வாய் திறக்காத ஒரு சிறுவனை அழைத்து வந்தார்கள், குறித்த நேரத்துக்கு வெகு முன்னதாக. வழக்கமாக உள்ளே கட்டிவைக்கும் நாய் ஜிங்கிள்ஸ் அன்று மேசைக்கடியில் படுத்திருந்தது. எழுந்துபோய்ப் பையனை நக்கியது. அவன் பயப்படவில்லை; கட்டிக்கொண்டான். கிளம்பும்போது, இந்த நாயோடு விளையாடத் திரும்ப வரலாமா என்று கேட்டான். சில வாரங்கள் நாயோடு மட்டும் பேசினான், பிறகு மெதுவாக டாக்டரையும் சேர்த்துக்கொண்டான். லெவின்சன் 1962இல் நாயைத் துணைச் சிகிச்சையாளர் என்று சொல்லியே ஒரு கட்டுரை வெளியிட்டார். சக உளவியலாளர்கள் சிலர் சிரித்தார்கள். அவர் விடவில்லை.

ஆனால் இந்த எண்ணம் அவரிடம் பிறந்ததல்ல. 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் திறந்த மனநல இல்லத்தில், சங்கிலியும் சவுக்கும் இல்லாமல் நோயாளிகளை நடத்தியதோடு, முற்றங்களில் முயலும் கோழியும் வளர்த்தார்கள்.

ஏன் வேலை செய்கிறது? பெரிய தத்துவம் தேவையில்லை. நாய் மதிப்பெண் கேட்காது, "ஏன் இப்படி இருக்கே?" என்று கேட்காது. உடனடி அமைதிக்கு அளவீடும் இருக்கிறது: வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை வைத்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், 10 நிமிடம் நாயையும் பூனையையும் தடவிக்கொடுத்தவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன், வெறுமனே வேடிக்கை பார்த்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. நல்லது. ஆனால் பத்து நிமிட அமைதி வேறு, ஆறு மாத மனச்சோர்வு வேறு. விளம்பரங்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கின்றன.

குதிரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது செய்யும் வேலை நாய் செய்வதிலிருந்து வேறு. நாய் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். குதிரை ஒட்டாது. அது இரையாகும் விலங்கு; ஆபத்து வருகிறதா என்று காதை ஆட்டிக்கொண்டே நிற்கும். பக்கவாட்டில் கிட்டத்தட்ட முழு வட்டமும் அதற்குத் தெரியும், மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. ஆகவே தோளோரமாகத்தான் நெருங்க வேண்டும், கொஞ்சம் பேசிக்கொண்டே. ரப்பர் பற்கள் உள்ள தேய்ப்பானை வட்டம் வட்டமாகக் கழுத்திலிருந்து பின்பக்கம் கொண்டுபோனால் முடியும் தூசியும் கிளம்பி வரும். பிறகு குளம்பு. தோளோடு தோள் ஒட்டி நின்று, காலோடு கையை மெல்லக் கீழே இறக்கி, கணுக்காலில் லேசாக அழுத்தினால் தூக்கிக் கொடுக்கும். கொடுக்கவில்லை என்றால் இழுத்து ஜெயிக்க முடியாது, ஐந்நூறு கிலோ. மூச்சை விட்டு, தோளைத் தளர்த்தி, திரும்பக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கத்துகிற ஒரு பெண் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நான்காவது முயற்சியில் குளம்பு மேலே வந்தது. அவள் அசையாமல் நின்றாள், யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல. "கத்தாதே" என்று நாங்கள் நூறு முறை சொல்லியிருப்போம்.

இதற்கான ஆதாரம் எங்கே? பள்ளிப் பிள்ளைகளுக்கு 11 வாரம் குதிரைப் பயிற்சி கொடுத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில் பிற்பகல் கார்டிசால் குறைந்தது, 2014இல் வெளிவந்தது. அதே வருடம் வெளிவந்த ஒரு திறனாய்வு, குதிரையை வைத்துச் செய்யும் சிகிச்சைகள் பற்றிய 14 ஆய்வுகளை அலசிவிட்டு, அத்தனையிலும் பெரிய ஓட்டைகள் இருப்பதாகச் சொன்னது: சிறு எண்ணிக்கை, ஒப்பிட எதிர்க்குழு இல்லாமை, புதுமை தந்த உற்சாகத்தையே பலன் என்று கணக்கெடுப்பது. நான் என் கண்ணால் பார்த்ததையும் இந்தத் திறனாய்வையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, குதிரை ஒரு கதவைத் திறக்கும் என்று மட்டும் சொல்வேன். திறந்த பிறகு உள்ளே போக ஓர் ஆள் வேண்டும்.

நடைமுறைத் தொல்லைகளும் உண்டு. ஒவ்வாமை, பயம் (முன்பு நாய் கடித்த பிள்ளைக்கு இது உதவியல்ல, தண்டனை), தோல்படை, தடுப்பூசி போட்ட சான்று. கடி பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை. விலங்கின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாய் திரும்பத் திரும்பக் கொட்டாவி விடுவதும் உதட்டை நக்குவதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் "போதும்" என்பதன் அடையாளம். காலையிலிருந்து பத்துப் பிள்ளைகள் மாற்றி மாற்றிக் கட்டிப்பிடித்த நாய் பதினோராவது பிள்ளைக்கு எதைத் தரும்? அந்த அடையாளத்தைக் கண்டு நாயை ஓய்வுக்கு அனுப்பும் இடமாகப் பாருங்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் ஒன்று புரியும்: தனக்கும் "போதும்" என்று சொல்லலாம் என்பது.

மண்ணில் கை

வெளிவேலையின் பலத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: அது மனநிலை சரியாகும்வரை காத்திருப்பதில்லை. மனச்சோர்வில் இருப்பவர் "மனசு சரியானதும் எழுந்திருப்பேன்" என்பார். எழுந்திருக்காததால் மனசு சரியாகாது. இந்த வட்டத்தை மறுபக்கத்திலிருந்து உடைப்பதுதான் செயலூக்கச் சிகிச்சை: முதலில் செய், விருப்பம் பின்னால் வரும். 2016இல் 440 பெரியவர்களை வைத்து இங்கிலாந்தில் செய்த பரிசோதனையில், குறைந்த பயிற்சி பெற்ற பணியாளர்கள் கொடுத்த இந்த எளிய முறை, தேர்ந்த சிகிச்சையாளர்கள் கொடுத்த எண்ணமாற்றுச் சிகிச்சைக்கு (CBT எனப்படும் பேச்சுச் சிகிச்சை) எந்த வகையிலும் குறையவில்லை. பாத்தி கட்டுவதும் வேலி போடுவதும் சிகிச்சை அல்ல, ஆனால் அதே தத்துவத்தில்தான் ஓடுகின்றன.

1812இலேயே அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ், தோண்டுவது, விறகு வெட்டுவது போன்ற வேலைகளைச் செய்யும் மனநோயாளிகள் தேறிவிடுவதையும், சும்மா உட்கார்ந்திருக்கும் வசதி படைத்தவர்கள் தேறாமல் போவதையும் கவனித்து எழுதியிருக்கிறார். இன்று நெதர்லாந்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட 'பராமரிப்புப் பண்ணைகள்' இருக்கின்றன. உண்மையான பண்ணைகள், அங்கே மனநலச் சிக்கலோ கற்றல் குறைபாடோ உள்ளவர்கள் வாரத்தில் சில நாட்கள் வந்து வேலை செய்கிறார்கள். நார்வேயில் 90 நோயாளிகளை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை 2008இல் வெளிவந்தது. 12 வாரம், வாரம் இரண்டு முறை, மூன்று மூன்று மணி நேரம் மாட்டுக் கொட்டகையில் வேலை. பயிற்சி முடிந்த அன்று பெரிய வித்தியாசம் இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதுதான் "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை கூடியிருந்தது. அவர்களும் பெரியவர்கள்தான், இளையோருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் அந்தத் தாமதத்தைக் கவனியுங்கள். நான்காவது வாரமே "ஒண்ணும் மாறலையே" என்று நிறுத்திவிடுபவர்கள் எதை இழக்கிறார்கள் என்று தெரியும்.

வாரத்துக்கு 120 நிமிடம் இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் கூடுதல் நலத்தோடு இருப்பதாக இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் பதில்களிலிருந்து 2019இல் ஒரு கணக்கு வந்தது. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி அதற்கு உண்டு, ஆனாலும் காலை வெயில் உடம்பின் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும் என்பதில் சந்தேகமில்லை. இரவு மூன்று மணிக்குத் தூங்கும் பிள்ளைக்கு அதுவே பாதி உதவி.

எந்த வேலை என்பதும் முக்கியம். மரம் நடும் விழாவுக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்து அனுப்புவது வேலை அல்ல. திரும்பி வந்து பார்க்க வேண்டும், தான் செய்தது நிற்கிறதா என்று. பொறுமை இல்லாத பிள்ளைக்கு முள்ளங்கி நல்லது: நாலைந்து நாளில் முளைவிடும், ஒரு மாதத்தில் பிடுங்கலாம். உரக்குவியல் அதைவிட நல்லது. அழுகிய இலையும் சாணமும் போட்டுக் கட்டிய குவியலுக்குள் சரியாகப் போனால் 55, 60 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும். குளிர்ந்த காலை வேளையில் மண்வெட்டியால் புரட்டும்போது உள்ளேயிருந்து ஆவி கிளம்பும். எதையும் நம்பாத பையன்கள்கூட அப்போது கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பார்கள்.

இதில் கெட்டுப்போகும் வழி இரண்டு. ஒன்று, 'ஒழுங்குக்குக் கொண்டுவருகிறோம்' என்ற பெயரில் நடக்கும் கெடுபிடி முகாம்கள். பிள்ளையின் சம்மதமில்லாமல் காட்டுக்குக் கொண்டுபோய், தண்ணீருக்கும் ஓய்வுக்கும் கணக்குப் பார்க்கும் இடங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2007இல் வெளியிட்ட அறிக்கை இத்தகைய தனியார் திட்டங்களில் ஆயிரக்கணக்கான துன்புறுத்தல் புகார்களைப் பதிவு செய்தது. பத்து மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. இரண்டு, முன்பு சொன்ன துப்பு: தடுமாறும் பிள்ளைகளை மட்டும் ஒன்றாகக் குவிப்பது. நல்ல பண்ணையில் ஒரு பாத்தியில் ஒரு பெரியவரும் இரண்டு பிள்ளைகளும் இருப்பார்கள். இருபது பையன்களும் ஒரு விசிலும் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். இலவசக் கூலியாள் வேலைக்கு 'சிகிச்சை' என்று பெயர் சூட்டியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். பிள்ளை எப்போது வேண்டுமானாலும் "இன்னைக்கு வேணாம்" என்று சொல்ல முடிகிறதா என்பதே அதற்கு உரைகல்.

சரி, யாருக்கு எது?

பெரியவர்களால் ஏமாற்றப்பட்ட, யாரையும் நம்பாத பிள்ளைக்கு வழிகாட்டிதான் கடைசியில் தேவை, ஆனால் முதலில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவது இந்த வயதில் பெரும்பாடு. விலங்கு இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். கண் நாயின் மேல் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்.

எழுந்திருக்கவே முடியாமல் சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு வெளிவேலை. முதல் நாள் அரை மணி நேரம் போதும்.

பதற்றம்தான் முதன்மை, கூட்டத்தைக் கண்டாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் ஒரு வழிகாட்டி மட்டும், அல்லது ஒரு விலங்கும் ஒரு பெரியவரும். குழுவாகச் செய்யும் எதுவும் பிறகு.

கோபம் கட்டுக்கடங்காமல் போகும் பிள்ளைக்குக் குதிரையைச் சொல்லத் தோன்றும். நானும் சொல்வேன், ஆனால் விலங்கைத் துன்புறுத்திய வரலாறு இருந்தால் கூடாது. அப்போது மண்வெட்டிதான், மண் அடியைத் தாங்கும்.

தனியாக இருக்கிறான், மற்றபடி பெரிய சிக்கல் எதுவும் இல்லை என்றால் இத்தனை ஏற்பாடு தேவையா என்று ஒருமுறை யோசிக்கலாம். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த எம்மி வெர்னர், கடும் சூழலில் வளர்ந்தும் நிமிர்ந்து நின்ற மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளிடம் பொதுவாகக் கண்டது, விட்டுப்போகாத ஒரு பெரியவரேனும் உடனிருந்ததைத்தான். பல நேரம் அது பாட்டி, சித்தப்பா, ஓர் ஆசிரியர். எந்தத் திட்டமும் அவர்களை நியமிக்கவில்லை. சைக்கிள் கடை வைத்திருக்கும் மாமா சனிக்கிழமைதோறும் பையனைக் கூட வைத்துக்கொண்டால் அதுவும் மென்டரிங்தான்.

செலவையும் அலைச்சலையும் பார்த்தால், குதிரைத் திட்டம்தான் மூன்றிலும் கனம்: தீவனம், இடம், பயிற்சியாளர், காப்பீடு. வழிகாட்டி முறையில் பணம் குறைவு, ஆனால் ஆளைத் தேர்ந்தெடுக்கவும் கண்காணிக்கவும் உழைப்பு அதிகம். அந்த உழைப்பைச் சேமிக்கும் திட்டம்தான் மூன்றாம் மாதத்தில் அறுந்துபோகும் ஜோடிகளை உருவாக்குகிறது. தோட்டத்தை நாளைக்கே தொடங்கிவிடலாம். நிறுத்தினாலும் யாரும் நொறுங்கிப்போவதில்லை, செடி மட்டும் வாடும். நிறுத்தினால் எவ்வளவு வலிக்கும் என்பதை நான் எப்போதும் முதல் கேள்வியாக வைப்பேன், ஏனென்றால் பெரும்பாலான ஏற்பாடுகள் என்றாவது ஒரு நாள் நிற்கத்தான் செய்கின்றன.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்று என்னை மடக்கினால்: ஒரு வருடத்துக்கு வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்றக்கூடிய ஒரு பெரியவர் கிடைத்தால், அவர்தான். கிடைக்கவில்லை என்றால் வழிகாட்டி முறையைத் தொடவே மாட்டேன். வாரம் இரண்டு காலை வெளிவேலையோடு நிறுத்திக்கொள்வேன். விலங்குகளை மட்டும் தனித்துத் தேர்ந்தெடுக்க மாட்டேன், அவற்றை எனக்கு எவ்வளவு பிடித்தாலும். மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால், அதாவது அதே ஆள் வாராவாரம் அதே கொட்டகையில் அதே பிள்ளையோடு சாணி அள்ளுகிறார் என்றால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே போவேன்.

இடம் பார்க்கப் போகும்போது கொட்டகையையும் பாத்திகளையும் சுற்றிக்காட்டுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பொறுப்பாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "பிள்ளைகளோடு நேரடியாகப் பழகுபவர் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார்?" "அவர் விட்டுப் போக நேர்ந்தால் பிள்ளையிடம் யார், எப்போது, எப்படிச் சொல்வீர்கள்?" நல்ல இடத்தில் இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் வரும், பெரும்பாலும் ஒரு பிள்ளையின் கதையோடு. "அந்த மாதிரி நிலைமை இதுவரை வந்ததில்லைங்க" என்று சிரித்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு ஃபோன் போடுங்கள்.